டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கு? விமானப் பயணச் சொற்கள் - ஒரு பாடம்



நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களைப் புரட்டினால் மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பிள்ளை படிப்புக்கு என்று இருக்கும். கூடவே "மகனை வெளிநாடு அனுப்ப" என்றும் இருக்கும். சில வீடுகளில் பெண்களே வேலைக்குக் கிளம்புகிறார்கள். வேறு சிலர் மகள் பிரசவத்துக்கு சிங்கப்பூரோ துபாயோ போய் வருகிறார்கள். கடன் வாங்குவது நாம், கையெழுத்துப் போடுவது நாம், மாசாமாசம் தவணை கட்டுவதும் நாம். ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைத்த தாளை நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்த்தோம்? இங்கிலீஷ்ல இருக்குதேன்னு மடித்து பீரோவுல வைத்துவிடுகிறோம்.

தீர்மானப் புத்தகமும் கடன் பேரேடும் எழுதப் பழகின நமக்கு இந்த ஒரு தாள் பெரிய விஷயமே இல்லை. முப்பது சொல் தெரிந்தால் போதும். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். யார் வீட்டிலாவது பழைய விமான டிக்கெட் இருந்தால் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.என்.ஆர். வேறு, டிக்கெட் வேறு

நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

பி.என்.ஆர். என்பது ஆறு இடம் கொண்ட ஒரு குறி. எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ரயில் டிக்கெட்டில் பத்து இலக்கமாக வரும், விமானத்தில் ஆறுதான். இன்னாருக்கு இந்த விமானத்தில் இடம் கேட்டிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிந்ததற்கான அடையாளம் இது. பணம் கட்டியாகிவிட்டது என்பதற்கு இது சாட்சி ஆகாது.

ஏஜெண்டுகள் பணம் கட்டாமலே ஒரு சீட்டைக் கொஞ்ச நேரத்துக்குப் பிடித்து வைக்க முடியும். அதை ஹோல்டு என்பார்கள். கல்யாண மண்டபத்தில் வாய்ச்சொல்லில் தேதி குறித்து வைக்கிறோமே, அந்த மாதிரி. அட்வான்ஸ் கட்டாவிட்டால் மண்டபக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ஹோல்டும் கெடு முடிந்ததும் தானாகக் கலைந்து போகும். ஆனால் அந்த நேரத்தில் பிரிண்ட் எடுத்த தாளில் பி.என்.ஆர். இருக்கும், பெயர் இருக்கும், விமான எண்ணும் இருக்கும். பார்க்க டிக்கெட் மாதிரியே இருக்கும். அதை நம்பி ஏர்போர்ட் வாசல் வரை போய்த் திரும்பினவர்கள் உண்டு.

அப்படியானால் எது டிக்கெட்? பெரும்பாலான சர்வதேச விமான கம்பெனிகள் பணம் கட்டியதும் டிக்கெட் எண் என்று தனியாக ஒன்று தரும். அது பதின்மூன்று இலக்கம், முழுக்க எண்களே. முதல் மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு 603. 2008 ஜூன் முதல் உலகம் பூராவும் காகித டிக்கெட்டை ஒழித்து இந்த எண்ணைத்தான் டிக்கெட்டாக வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் இ-டிக்கெட் என்று பெயர். சில குறைந்த கட்டண கம்பெனிகளில் இந்த எண் தாளில் இருக்காது, பி.என்.ஆர். மட்டும்தான் இருக்கும். அங்கே "கன்ஃபர்ம்டு" என்ற சொல்லும் பணம் கட்டிய விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளைப் பார்ப்பதோடு விடாதீர்கள். விமான கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் பி.என்.ஆரையும் பயணியின் பெயரையும் போட்டால் விவரம் வரும். இல்லாவிட்டால் கம்பெனிக்கே போன் செய்து, "இந்த பி.என்.ஆருக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று கேளுங்கள். ஏஜெண்ட் காட்டும் செல்போன் திரையில் பார்ப்பது சரிபார்த்த கணக்கில் வராது. ஒரு தரம் பார்த்தது போதும் என்றும் இருக்க வேண்டாம். உண்மையான டிக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டு, அப்புறம் கேன்சல் செய்து பணத்தை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கு. அதனால் கிளம்பும் முதல் நாள் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

பெயர்

டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் உள்ள பெயர் எதுவும் செல்லாது. டிக்கெட்டில் சர்நேம் முன்னால் வரும், கிவன் நேம் பின்னால் வரும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், அப்பா பெயரோ கணவர் பெயரோ சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். "என் பேருக்கு முன்னாடி அவர் பேரு வந்திருக்கே" என்று பயப்பட வேண்டாம், முறையே அதுதான்.

சிலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு, அதாவது துபாய், ஷார்ஜா, அபுதாபி பக்கம், விசிட் விசாவில் போகிறவர்களுக்கு இது தொந்தரவு. 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் செல்லாது என்று அறிவித்தார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு சொன்னார்கள். பணம் கட்டும் முன்னாலேயே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் உடனே சொல்லுங்கள். விமான கம்பெனியின் வெப்சைட்டிலேயே நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் சொன்ன பிழையைத் திருத்தத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. இது டி.ஜி.சி.ஏ. விதி. டி.ஜி.சி.ஏ. என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு இயக்குநரகம்.

ஊர்க்குறியும் மணியும்

டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பதில் மூன்று எழுத்து இருக்கும். சென்னை எம்.ஏ.ஏ., திருச்சி டி.ஆர்.இசட்., மதுரை ஐ.எக்ஸ்.எம்., கோயம்புத்தூர் சி.ஜே.பி. 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனாலும் விமானக்காரர்களின் குறியில் மெட்ராஸ்தான் இன்னும் இருக்கு. துபாய் டி.எக்ஸ்.பி., ஷார்ஜா எஸ்.எச்.ஜே. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்றாலும் ஏர்போர்ட் வேறு வேறு. கூட்டிப் போக வருகிறவர் ஒரு இடத்தில் நிற்க நாம் இன்னொரு இடத்தில் இறங்கினால் கஷ்டம்.

டிப்பார்ச்சர் என்றால் புறப்படும் நேரம், அரைவல் என்றால் போய்ச் சேரும் நேரம். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். அதனால்தான் துபாய்க்குப் போகும்போது பயணம் குறைந்த மாதிரியும் திரும்பும்போது கூடின மாதிரியும் தாளில் தெரியும்.

மணி 24 மணிக் கணக்கில் இருக்கும். 14:20 என்றால் மதியம் 2.20. இது சுலபம். சிக்கல் நடுராத்திரியில்தான். வளைகுடா விமானங்கள் பல ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்று போட்டிருந்தால், அது 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்ட பிறகு வரும் பன்னிரண்டரை மணி. நாம் பேச்சில் "14-ஆம் தேதி ராத்திரி" என்போம். தாளில் 15 என்று இருக்கும். 15-ஆம் தேதி ராத்திரி போனால் விமானம் கிளம்பி ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர்களும் தவறவிடும் இடம் இது. போய்ச் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் 1-ம் இருந்தால் மறுநாள் என்று அர்த்தம்.

விமானத்தைத் தவறவிட்டால் நோ-ஷோ என்று எழுதிவிடுவார்கள். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், போகும் விமானத்தில் ஏறாதபோது திரும்பும் சீட்டையும் பல கம்பெனிகள் ரத்து செய்துவிடும்.

நேர் விமானம், மாறும் விமானம்

நான்-ஸ்டாப் என்றால் இடையில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் வேறு. இடையில் ஓர் ஊரில் இறங்கி, ஆளை இறக்கி ஏற்றிவிட்டு, அதே விமான எண்ணில் மேலே போகும். கனெக்டிங் என்றால் நாமே இறங்கி இன்னொரு விமானம் ஏற வேண்டும். நடுவில் காத்திருக்கும் நேரம் லே-ஓவர், அந்த ஊர் டிரான்சிட்.

கனெக்டிங் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும், வேறு விமானத்தில் அனுப்ப வேண்டியது கம்பெனி பொறுப்பு. பெரும்பாலும் பெட்டியும் கடைசி ஊருக்கே போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே கிடையாது. பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். மலிவாகக் கிடைக்குதென்று ஏஜெண்ட் இரண்டு டிக்கெட்டாக எடுத்துக் கொடுத்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

கோட்-ஷேர் என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனி பெயரில் டிக்கெட் இருக்கும், பறப்பது கூட்டாளி கம்பெனி விமானமாக இருக்கும். "ஆபரேட்டட் பை" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கோ அவர்கள் கவுண்டருக்குப் போக வேண்டும்.

டிக்கெட் பணத்தில் என்னென்ன இருக்கு?

பேஸ் ஃபேர் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் எரிபொருள் கட்டணம், ஏர்போர்ட் உபயோகக் கட்டணமான யு.டி.எஃப்., பாதுகாப்புக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். "நான்-ரீஃபண்டபிள், பத்து பைசா திரும்ப வராது" என்று ஏஜெண்ட் சொன்னால் அது முழு உண்மை இல்லை. டி.ஜி.சி.ஏ. விதிப்படி, பயணம் செய்யாத டிக்கெட்டில் அரசு வரிகளையும் ஏர்போர்ட் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டுக்கும் இது உண்டு, நோ-ஷோ ஆனாலும் உண்டு. கேன்சல் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகைக்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டு டிக்கெட்டில் வரிப்பணமே ஆயிரக்கணக்கில் வரும். கேட்டு வாங்குங்க.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி சீட் இல்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்ஃபன்ட் டிக்கெட் கட்டாயம் எடுக்க வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீல்சேர் வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன் சொல்லி வையுங்கள். முடியாதவர்களுக்கு இது இலவசம்.

எமிகிரேஷன், இமிகிரேஷன்

காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலும் இரண்டும் வேறு. இமிகிரேஷன் என்பது ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட், விசா பார்த்து முத்திரை குத்தும் இடம். போகும் எல்லோருக்கும் உண்டு. எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்பது வேலைக்குப் போகும் சிலருக்கு மட்டும், அதுவும் கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய அனுமதி.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வரும். சவுதி, குவைத், ஓமன், கத்தார், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இந்த பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையில் இந்த அலுவலகம் இருக்கு. இ-மைக்ரேட் என்ற அரசு வெப்சைட்டில் எல்லாம் பதிவாகும். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016-லிருந்து இவர்களைத் தனியார் ஏஜெண்ட் அனுப்ப அனுமதி இல்லை, அரசு நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். "இப்போ விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர் இந்த அனுமதியைத் தாண்டித்தான் வழி சொல்கிறார். அப்படிப் போனவருக்கு அங்கே சம்பளம் வராவிட்டாலும் வேலை ஒப்பந்தம் என்று காட்ட ஒன்றும் இருக்காது. முறையாக அனுமதி வாங்கிப் போகிறவருக்கு 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸும் கூட வரும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான்.

ஏர்போர்ட்டுக்குள் வரிசையாக

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். டெர்மினல் என்றால் கட்டடம். சென்னையில் வெளிநாட்டு விமானத்துக்கு டி-2. முதலில் செக்-இன் கவுண்டர். பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் தருவார்கள். போர்டிங் பாஸ் வந்தால்தான் சீட் நமது. கவுண்டர் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். கதவு திறந்துதானே இருக்குன்னு கெஞ்சினாலும் நடக்காது. அடுத்து இமிகிரேஷன், அதன்பின் செக்யூரிட்டி. பெண்களைச் சோதிப்பது பெண் காவலர்தான், திரை மறைவில்தான். அப்புறம் கேட். இது பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரம் எண் மாதிரி. கடைசி நிமிடத்தில் மாறலாம், போர்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பெட்டியில் இரண்டு வகை. செக்-இன் பேகேஜ் விமானத்தின் வயிற்றில் போவது. கேபின் பேகேஜ் கையோடு போவது, பொதுவாக 7 கிலோ. அரிவாள்மணை, கத்திரிக்கோல் செக்-இன்னில் போட வேண்டும். செல்போன் பவர் பேங்க் கையில் மட்டுமே, பெட்டியில் போடக் கூடாது. ஊறுகாய், எண்ணெய், நெய் எல்லாம் பெட்டியில், கசியாமல் கட்டி. கொப்பரைத் தேங்காய்க்கு அனுமதி இல்லை. எண்ணெய் அதிகம், சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது காரணம். இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில் சபரிமலை சீசனுக்காகக் கொஞ்ச காலம் விலக்கு கொடுத்தார்கள்.

கசகசா பற்றி ஒரு எச்சரிக்கை. நமக்கு அது குருமாவுக்குப் போடும் சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் தடை செய்த பொருள். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தால் மகன் ஜெயிலுக்குப் போக வேண்டி வரும். பக்கத்து வீட்டுக்காரர், ஏஜெண்ட், ஏர்போர்ட்டில் பழகினவர் யார் கொடுத்தாலும், நம் கண் முன்னால் பிரித்துப் பார்க்காத பார்சலை வாங்கவே வேண்டாம். பெட்டியில் எது இருந்தாலும் பேகேஜ் டேக்கில் யார் பெயர் இருக்கோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த டேக்கின் துண்டுச் சீட்டை போர்டிங் பாஸில் ஒட்டித் தருவார்கள். பத்திரம். இறங்கின ஊரில் பெட்டி வராவிட்டால், வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்த் தாளை எழுதி நகல் வாங்குங்கள். உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு, நஷ்ட ஈடு கேட்கலாம்.

திரும்பி வரும்போது கஸ்டம்ஸ். வரி கட்ட வேண்டிய சாமான் இல்லாதவர் பச்சை வழி, இருக்கிறவர் சிவப்பு வழி. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண் 40 கிராம் வரை நகை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆணுக்கு 20 கிராம். நகைதான், கட்டித் தங்கம் இந்தச் சலுகையில் வராது.

தாமதம், ரத்து, இடமில்லை

டிலே என்றால் தாமதம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓட்டல் அறையும் தர வேண்டும். கேன்சல் செய்வதை இரண்டு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திருப்புவதோடு, பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை நஷ்ட ஈடு உண்டு. புயல், மூடுபனி, கலவரம் மாதிரி கம்பெனி கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது, டிக்கெட் பணம் மட்டும் வரும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாடு பூராவும் ஜனங்கள் ஏர்போர்ட்டில் தவித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பைலட்டுகளின் ஓய்வு நேர விதி மாறினதற்குத் தகுந்தபடி ஆள் ஏற்பாடு இல்லாமல் போனது அப்போது பெரிய காரணமாகப் பேசப்பட்டது.

டினைடு போர்டிங் என்பது இன்னும் கோபம் வரவைக்கும் சொல். சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் இருக்கும் சீட்டைவிட அதிக டிக்கெட் விற்பார்கள். அது ஓவர்-புக்கிங். எல்லோரும் வந்துவிட்டால் கடைசி ஆளை நிறுத்துவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுக்காவிட்டால் நஷ்ட ஈடு தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை, அதற்கும் மேல் ஆனால் 20,000 ரூபாய் வரை. புகார் செய்ய ஏர்சேவா என்ற மத்திய அரசு வெப்சைட் இருக்கு. அதற்கு முன் கவுண்டரிலேயே எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். வாய்ச்சண்டை போட்டதற்கு ரசீது கிடையாது பாருங்க.

குழுவில் செய்து பார்க்க

ஒரு கணக்கு. பெரம்பலூர் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு திருச்சியிலிருந்து ஷார்ஜா டிக்கெட். புறப்படும் நேரம் வெள்ளிக்கிழமை 00:40 என்று இருக்கு. வீட்டிலிருந்து ஏர்போர்ட் போக ஒன்றரை மணி நேரம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? விடையைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் சொல்லிப் பாருங்கள்.

விடை: வியாழக்கிழமை ராத்திரி 9.40-க்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். வழியில் பஸ், டீ எல்லாம் சேர்த்து வியாழக்கிழமை மாலை 7.30-க்கே கிளம்பிவிட வேண்டும்.